பழைய சான்ட்ரோவும் மலைக்காற்றும்: ஊதுகுழல் பொருத்தம் பற்றிய ஓர் ஆய்வு

மோட்டார் எஞ்சினின் காற்று வாயிலில் பொருத்தப்படுவதும், வாய்ப்பகுதி மலர்ந்து விரிந்ததுமான குறுங்குழாய், பட்டறை வழக்கில் ட்ரம்பெட் என்றும் ராம் பைப் என்றும் பெயர் பெறும்; இங்கு அது ஊதுகுழல் எனப்படும். பந்தயக் கார்களில் பெரிதும் பயன்படும் இவ்வுறுப்பை, 1998ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை ஹூண்டாய் சான்ட்ரோவில் வெளிச்சந்தையில் வாங்கிப் பொருத்தி, கொடைக்கானலிலிருந்து பள்ளங்கிக்குச் செல்லும் சாலையில் ஓட்டினால் விளைவது யாது என்பதே இங்கு ஆராயப்படுகிறது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது இதே மலையிலுள்ள ஆய்வகத்தில்தான். பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வாயுவோட்டத்திற்குக் கிடைத்த கவனம், ஆய்வகத்தின் காலடியில் மூச்சிரைக்க ஏறிவரும் காரின் நான்கு சிலிண்டர்களுக்குள் புகும் காற்றுக்குக் கிடைக்காமற் போனதை அறிவியல் வரலாற்றின் ஓரவஞ்சனை என்றே கருதவேண்டும்.

ஆய்வுக்குச் சான்ட்ரோவைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. எரிபொருளைக் கார்புரேட்டர் வழியே காற்று உறிஞ்சிக்கொள்ள விடாமல், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் வழியே கணினி அளந்து பீய்ச்சும் முறை, தமிழ்நாட்டிலேயே தயாரான சிறிய கார் ஒன்றின் வழியாக நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்கு வந்து சேர்ந்தது இக்காரில்தான். அது பிறந்த ஆலை இருங்காட்டுக்கோட்டையில் உள்ளது. சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தின் பந்தயத் தடம் 1990 முதல் இயங்கிவருவதும் அதே ஊரில்தான். ஆகவே 999 சி.சி. எஞ்சினுக்குள் பந்தய ஆசை புகுந்ததற்குப் பிறந்த மண்ணைக் குறைசொல்ல இடமிருக்கிறது.

ஊதுகுழலின் பணி இருவகைப்படும். முதலாவது, வெட்டிவிட்ட குழாயின் கூரிய விளிம்பில் காற்று சுழன்று சிதறி ஆற்றலை இழப்பதை மலர்ந்த வாய் பெரிதும் தவிர்ப்பது. இரண்டாவது நுட்பமானது. பிஸ்டன் கீழிறங்கும்போது குழாயினுள் தோன்றும் குறையழுத்த அலை ஒலியின் வேகத்தில் வாய்வரை ஓடி, அங்கே மிகையழுத்த அலையாகத் திரும்பி வருகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன் அது வந்து சேர்ந்தால் கூடுதலாகக் கொஞ்சம் காற்றை உள்ளே தள்ளிவிடும். இவ்விடத்தில் நாகஸ்வரம் ஒப்புநோக்கத் தக்கது. உலவு எனப்படும் உடற்குழாயின் நுனியில் அணசு எனும் விரிந்த வாய் அமைவதும், குட்டையான திமிரி உச்ச சுருதியிலும் நீண்ட பாரி தாழ்ந்த சுருதியிலும் ஒலிப்பதும் நீள்குழாயின் அதே இலக்கணத்தால்தான். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி பாரியைச் செப்பம் செய்தபோது எதிர்கொண்ட நீளக்கணக்கையே பந்தயப் பொறியாளரும் எதிர்கொள்கிறார்; கேட்பவருக்குக் கிடைப்பது மட்டும் வேறு.

இனி மலைக்கணக்கு. எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 சுற்று சுற்றும்போது, வால்விலிருந்து வாய்வரை 30 செ.மீ. நீளமுள்ள குழாயில் அலை போய்த் திரும்புவதற்குள் கிராங்க் தண்டு ஏறத்தாழ 63 பாகை திரும்பிவிடும். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் ஏறும் காரின் எஞ்சின் வேகம் 3,000 சுற்றை அரிதாகவே தாண்டும். அவ்வேகத்தில் அலை அதே பாகையில் வந்துசேர வேண்டுமாயின் குழாய் 60 செ.மீ. நீளம் இருத்தல் வேண்டும். சான்ட்ரோவின் பானெட்டுக்கடியில் அதற்கு இடமில்லை; மேலே துளையிட்டு நான்கு குழாய்களையும் வானம் பார்க்க நிறுத்தலாம், எனினும் கொடைக்கானல் மழையின் திசையும் அதுவே என்பது கவனிக்கத் தக்கது. கடையில் கிடைப்பனவோ கையளவுக் குழல்கள். அவை திமிரி வகையைச் சேர்ந்தவை, மலையேற்றமோ பாரியைக் கேட்பது.

இதனுடன் உயரமும் சேர்ந்துகொள்கிறது. கொடைக்கானலில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 78 விழுக்காடே; குளிர் காற்றைச் சற்று அடர்த்தியாக்கிக் கொஞ்சம் ஈடுசெய்தாலும், கீழே வத்தலக்குண்டு வெயிலில் கிடைத்த காற்றில் ஏழில் ஒரு பங்கு மேலே கிடைப்பதில்லை. அக்குளிரே ஒலியின் வேகத்தையும் நூற்றுக்கு நான்களவு குறைப்பதால், சமவெளியில் 5,000 சுற்றுக்கு அளவெடுத்த குழல் மலையில் 4,800க்கு அருகில் பலன் தருவதாகிவிடும். குழல் கூட்டித் தரக்கூடியது மிகச் சிறிதே. மலை முன்கூட்டியே கழித்துக்கொள்வது அதைவிடப் பன்மடங்கு.

மேலும், சிலிண்டர்களுக்குப் பிரியுமுன் காற்று சேரும் பொது உள்ளறையின் அழுத்தத்தை அளந்து எரிபொருளைத் தீர்மானிக்கும் மேப் சென்சார், மலையேறும்போது காற்று குறைவதை உணர்ந்து பெட்ரோலையும் குறைத்துக்கொள்கிறது. அதே சாலையில் பழைய கார்புரேட்டர் வண்டிகள் கரும்புகை கக்கியதற்குக் காரணம் அவற்றிற்கு இவ்வறிவு இல்லாமையே. சிலிண்டருக்கு ஒரு குழல் வைக்கவேண்டிப் பொது உள்ளறையை அகற்றித் தனித்தனித் த்ராட்டில் அமைத்தால் அழுத்தம் துடிப்புத் துடிப்பாகச் சிதறி, சென்சார் குழம்பி, நின்ற இடத்தில் எஞ்சின் உறுமுவதும் ஓய்வதுமாக அல்லாடும். அதாவது மலைக்கென்றே அமைந்த ஒரே நற்பண்பைக் கழற்றிவைத்த பிறகே குழலைப் பொருத்த முடிகிறது.

காற்று வடிகட்டியின் கதியும் இதுவே. கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி என்று இகழப்படும் அவ்வுறுப்பு தூசியைத் தடுப்பதோடு இரைச்சலையும் விழுங்குகிறது. அதை நீக்கினால், மலைப்பூண்டு விளையும் பகுதியில் மூட்டை ஏற்றிய வண்டிக்குப் பின்னால் செல்லும் குழல், சருகுத் தோலையும் சாலைப்புழுதியையும் வேறுபாடின்றி உட்கொள்ளும். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது என்பதால் பிஸ்டன் வளையங்கள் அதனிடம் மரியாதை காட்டப்போவதில்லை. வாயில் கம்பிவலை கட்டுவோர் உளர். வலையின் கண் சிறிதாகச் சிறிதாக, வாய் மலர்ந்ததன் பயனும் சிறுத்துவிடும்.

பின் எதற்காக இவை பொருத்தப்படுகின்றன எனில், ஓசைக்காக. த்ராட்டிலை முழுக்கத் திறந்ததும் எழும் அந்த அடித்தொண்டை உறுமல், வேகம் கூடியதாகவே ஓட்டுநரை நம்பவைக்கிறது. வேகமானி உடன்படுவதில்லை, சாலையோரத்துக் காட்டுமாடுகள் தலைநிமிர்ந்து பார்ப்பதோ பாராட்டுக்காக அன்று.

எஞ்சியது சட்டம். தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 'கிளாசிக்' என்று வாதாடவும் வழியில்லை: 2021இல் வந்த மத்திய விதிகளின்படி முதற்பதிவு முடிந்து ஐம்பதாண்டு கடந்த வாகனமே தொன்மை வாகனம், 1998இல் பதிவான சான்ட்ரோ அத்தகுதியை எட்டுவது 2048இல். அப்போதும் எஞ்சின் உள்ளிட்டவை பெருமாற்றம் காணாமல் மூல வடிவிலேயே இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. எனவே குழல் பொருத்தியே தீருவது என்ற முடிவுக்கு வந்த உரிமையாளர், கழற்றிய கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல், எலி அணுகாத பரணில் 2048 வரை பாதுகாத்து வைப்பது நலம்.