கத்திரிப்பூ நகராட்சி

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒரு லேயரை இழுத்துப் போட்டால் அது தானாகவே ஏதோ ஒரு நிறத்தைப் பூசிக்கொண்டு வந்து நிற்கும். எந்த நிறம் என்பது அதன் இஷ்டம். நேற்று ஊர்க் குளம் செங்கல் நிறத்தில் வந்தது. இன்று சுடுகாடு ரோஜா நிறத்தில். 2002-ல் இந்த மென்பொருளை எழுதத் தொடங்கிய கேரி ஷெர்மன் அலாஸ்காக்காரர். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர வேறு நிறம் அவருக்கு அதிகம் தெரிந்திருக்காது என்பது என் யூகம்.

எனக்குக் கிடைத்த வேலை சின்னது. ஒரு நகராட்சி, 35 வார்டு. எந்த வார்டில் ஆளுக்கு எத்தனை லிட்டர் குடிநீர் போகிறது என்று வரைபடம் போட வேண்டும். கணக்கெல்லாம் அவர்களே கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் வேலை என்று சொல்லி, இரண்டு நாளுக்கான கூலியும் பேசிவிட்டேன்.

முதல் நாளே குழாய்களைக் காணோம். ஃபைல் இருக்கிறது, அட்டவணை இருக்கிறது, திரையில் ஒரு கோடு இல்லை. ‘வெத்து ஃபைல் அனுப்பியிருக்கீங்க’ என்று நகராட்சிப் பொறியாளருக்கு போன் போட்டு, கொஞ்சம் குரலை உயர்த்தியும் பேசிவிட்டேன். பிறகுதான் கவனித்தேன். லேயர் பட்டியலில் குழாய் கீழே, வார்டு மேலே. மேலே இருப்பது கீழே இருப்பதை மூடிவிடும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஊரிலும் குழாய் மண்ணுக்கு அடியில்தானே கிடக்கிறது, மென்பொருள் உள்ளதைத்தான் காட்டியது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொறியாளரிடம் அதைச் சொல்லவில்லை.

அடுத்தது நிறம். கணக்கைப் பார்த்து யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நிறத்தைப் பார்த்தால் டீ கொண்டு வரும் பையனுக்கும் ஒரு கருத்து உண்டு. வார்டுகளைப் பிரித்துக் காட்டக் கறுப்பும் சிவப்பும் வைத்தேன். ‘ஐயையோ தம்பி’ என்று பொறியாளர் கதவைச் சாத்தினார். பச்சை வைத்தேன். ‘எலெக்‌ஷன் வருது, இலை ஞாபகம் வரும்’ என்றார். காவி, வேண்டாம். மாம்பழ மஞ்சள், அதுவும் வேண்டாம். நீலமும் சிவப்பும் சேர்ந்தால் ஒரு பிரச்சினை, மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் இன்னொன்று. எந்த வரைபடத்துக்கும் நாலே நிறம் போதும், ஒட்டி இருக்கும் இரண்டு பகுதிகள் ஒரே நிறத்தில் வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்று 1852-ல் பிரான்சிஸ் கத்ரி என்ற இளைஞர் சொன்னார். 1976-ல் கம்ப்யூட்டரை வைத்து அதை நிரூபித்தும் விட்டார்கள். தமிழ்நாட்டில் அந்த நாலு எது என்று மட்டும் யாரும் நிரூபிக்கவில்லை.

கடைசியில் மனைவியிடம் போனேன். மென்பொருளில் நிறத்துக்கு ஆறெழுத்து எண்; அவளுக்குப் புடவைக்கடை. ‘ஏங்க, இது நீலம் இல்ல, மயில் கழுத்து. பக்கத்துல இருக்கிறது ஆனந்தா. ரெண்டையும் சேர்த்து வெச்சா எவன் பிரிச்சுப் பார்ப்பான்?’ அரக்கு, வெங்காயச் சருகு, ராமர் பச்சை, எலுமிச்சை என்று அவள் சொல்லச் சொல்ல நான் எண்ணாக மாற்றிக்கொண்டே வந்தேன். வரைபடத்துக்கென்றே நிறங்களை அடுக்கித் தந்த சிந்தியா ப்ரூவர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இருக்கிறார். உலகமே அவருடைய நிறங்களைத்தான் எடுத்துக்கொள்கிறது. என் வீட்டில் அவர் பேச்சு எடுபடவில்லை.

தண்ணீர் அளவுக்குத் தகுந்தபடி ஐந்து வகுப்பு பிரித்தேன். குறைந்தது 40 லிட்டர். அதிகபட்சம் 180, அது மேல்நிலைத் தொட்டியை ஒட்டிய வார்டு. சம இடைவெளி என்று கொடுத்ததும் முதல் வகுப்பு 40-லிருந்து 68 வரை விழுந்தது. 30 வார்டு அதற்குள் போய் உட்கார்ந்து ஊரே அரக்குச் சிவப்பு. பொறியாளருக்கு வியர்த்தது. பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்பது அரசுக் கையேடு சொல்லும் அளவு. ‘வேற மாதிரி பிரிக்க முடியாதா?’

முடியும். சம எண்ணிக்கை என்று ஒரு முறை உண்டு. அழுத்தினேன். வகுப்புக்கு ஏழு வார்டு; சிவப்பும் ஏழு, மயில் கழுத்து நீலமும் ஏழு, நடுவில் இதமான நிறங்கள். சற்று முன் சிவப்பில் கிடந்த 67 லிட்டர் வார்டு ஒன்று, ஒரு சொட்டு கூடாமலே நீலத்துக்குப் போய்விட்டது. முக்கால்வாசி ஊரின் தண்ணீர்ப் பஞ்சத்தை ஒரே கிளிக்கில் தீர்த்த ஆள் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எனக்கே கூச்சமாக இருந்தது. பேசிப் பேசி, 135-ஐ நடுவில் வைத்து, கைப்பட வகுப்பு பிரித்து முடிக்க 19 நாள் ஆயிற்று.

நகராட்சி மன்றக் கூட்டத்துக்கு ஃபைலை முன்னதாகவே அனுப்பிவிட்டேன். ஷேப்ஃபைல் என்பது பெயரில்தான் ஒன்று. கூடவே இரண்டு மூன்று உதிரி ஃபைல்கள் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றையெல்லாம் மறக்காமல் சேர்த்தேன். ஆனால் நிறம் அதற்குள் இருக்காது. அதைத் தனியாக ஒரு ஸ்டைல் ஃபைலாகச் சேமித்து அனுப்ப வேண்டும். 19 நாளும் அந்த ஒரு ஃபைலில்தான் இருந்தது. அது என் மடிக்கணினியிலேயே இருந்துவிட்டது.

பஸ் தாமதம். நான் உள்ளே நுழைந்தபோது திரையில் 35 வார்டும் ஒரே நிறம், வழவழவென்று கத்திரிப்பூ நிறம். அவர்கள் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்குப் பூசியிருந்தது. ஓடிப்போய்ப் பிடுங்கலாமா என்று பார்த்தேன். ஆனால் மன்றத்தில் சத்தமே இல்லை. எந்தக் கட்சி நிறமும் இல்லை, எந்த வார்டும் சிவப்பு இல்லை, எதற்கும் யாருக்கும் கோபம் வரவில்லை. ‘எல்லா வார்டையும் சமமா பாவிச்சிருக்காரு’ என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

‘இதை முதல்லயே அனுப்பியிருக்கலாமே தம்பி’ என்றார் பொறியாளர்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி ஒரு நிமிடம் யோசித்தாள். ‘கத்திரிப்பூவா, நாவப்பழமா? சரியாப் பார்த்தீங்களா?’ காட்டிவிடலாம் என்று மடிக்கணினியைத் திறந்து, அதே ஃபைலைப் புதிதாக இழுத்துப் போட்டேன்.

பாசிப்பச்சையில் வந்தது.