பதினைந்தும் பெற்று...

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஒரு ‘சிஸ்டம் அண்ணன்’ கட்டாயம் இருப்பார். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவர்தான், மொதலாளி வீட்டு டிவியில் யூடியூப் வராவிட்டாலும் அவர்தான். இடுப்பில் சாவிக்கொத்து, சட்டைப்பையில் இரண்டு பென்டிரைவ், வாயில் “ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?”. பத்து நிமிடத்துக்கு மேல் எதையும் யோசிக்காத ஆள். தன் மகளுக்குப் பெயர் வைக்கவே ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீ குடிக்கும் நேரம்தான் எடுத்துக்கொண்டாராம்.

அப்படிப்பட்டவர் எங்கள் ஆபீஸின் புது சர்வரில் ஆக்டிவ் டைரக்டரி நிறுவும்போது, ‘ரூட் டொமைன் நேம்’ என்று கேட்ட ஒரே ஒரு கட்டத்துக்கு முன்னால் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தார். ஆக்டிவ் டைரக்டரி என்பது ஒரு பேரேடு. யார் எந்த கம்ப்யூட்டரில் நுழையலாம், யாருக்கு எந்த ஃபோல்டர் என்ற கணக்கெல்லாம் அதில்தான். அந்தப் பேரேட்டுக்கு ஒரு பெயர் வேண்டும்.

“நம்ம வெப்சைட் பேரையே போட்டுருங்க தம்பி” என்றார் மொதலாளி.

“போடலாமுங்க. அப்புறம் பையர் வந்து உக்காந்திருக்கும்போது, ஊரெல்லாம் தெறக்குற நம்ம வெப்சைட்டு நம்ம ஆபீஸ்ல மட்டும் தெறக்காதுங்க.”

விஷயம் உண்மைதான். பெயரைக் கேட்டு முகவரி சொல்லும் டிஎன்எஸ், ஆபீஸுக்குள் அந்தப் பெயருக்குத் தானே பட்டாதாரர் என்று உட்கார்ந்துவிடும். வெளியே உள்ள முகவரிகளை ஒவ்வொன்றாக நாமே எழுதி வைக்காவிட்டால், விசாரிக்காமலே ‘அப்படி யாரும் இல்லை’ என்று கதவைச் சாத்தும்.

“பழைய ஆபீஸ்ல டாட் லோக்கல்னு போட்டிருந்தாங்க” என்றார் அக்கவுன்டன்ட். அண்ணன் முகம் சுண்டியது. ஒரு காலத்தில் ஊரே வைத்த பெயர் அது. ஆனால் பக்கத்துக் கருவிகளைக் கூவித் தேடும் ஆப்பிளின் பான்ஜூரும் அதையே புழங்க, 2013-இல் ஆர்எஃப்சி 6762 என்ற இணைய ஆவணம் அந்தப் பெயரை அந்த வகைத் தேடலுக்கென்றே எழுதிக் கொடுத்துவிட்டது. “சின்ன மொதலாளி மேக்புக் இருக்குதல்லங்க, அது சர்வர்கிட்ட கேக்காம, தெருவுல நின்னு ‘இந்தப் பேர்ல யாருங்க?’ன்னு கூவிட்டுக் கெடக்கும்.”

எம்பிஏ முடித்த மருமகன், ‘கார்ப்’ என்று வைத்தால் கம்பீரமாக இருக்கும் என்றார். அண்ணன் பங்காளித் தகராறு சொல்லும் குரலுக்கு மாறினார். அமெரிக்காவில் பல கம்பெனிகள் அப்படித்தான் வைத்தன. ஆபீஸை விட்டு வெளியே போன லேப்டாப்புகள் வீடு தெரியாமல் கார்ப் டாட் காம் வாசலில் போய் நின்றன. அந்தப் பெயரோ 1994 முதல் யாரோ ஒருவர் கையில். கடைசியில் 2020-இல் மைக்ரோசாஃப்டே விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. சரி, டாட் இன்டர்னல்? இணையப் பெயர்களைக் கவனிக்கும் ஐகான் அமைப்பு 2024-இல் அதை உள் உபயோகத்துக்கென்று ஒதுக்கியது. “அது மேய்ச்சல் புறம்போக்குங்க. எல்லாரும் மாடு கட்டலாம், யாரும் பட்டா வாங்க முடியாது. நாளைக்கு ரெண்டு கம்பெனி ஒண்ணாச் சேந்தா, ரெண்டு மாட்டுக்கும் ஒரே பேரு.”

இதற்குள் நியூமராலஜிக்காரர் கம்பெனிப் பெயரின் கடைசியில் இன்னொரு ‘ஏ’ சேர்க்கச் சொன்னார். லாகின் திரையில் அந்த முழுப் பெயரும் தெரிய வேண்டும் என்பது மொதலாளி உத்தரவு. அண்ணன் விரல்விட்டு எண்ணினார். பதினாறு. “பதினாறும் பெத்துங்கறது கல்யாணத்துக்குங்க. லாகின்ல வர்ற நெட்பயாஸ் பேருக்குப் பதினஞ்சோட சரி.” ஜோசியரின் ‘ஏ’ வெட்டுப்பட்டது.

முடிவில், கம்பெனி காசு கட்டி வாங்கிய சொந்தப் பெயருக்கு முன்னால் ‘ஏடி’ என்று இரண்டெழுத்துப் போட்டு ஒரு கிளை பிரித்தார். சொந்த நிலத்தில் தனி வாசல். வெப்சைட்டுக்கும் இடைஞ்சல் இல்லை. திங்கட்கிழமை காலை மெர்ச்சன்டைசிங் பெண் கேட்ட முதல் கேள்வி: “ஏனுங்ண்ணா, ‘ஆட்’னு போட்டிருக்கு, நம்முளுக்கு எதுக்குங்க விளம்பரம்?”

அண்ணன் பதில் சொல்லவில்லை. டீக்கடையில் என்னிடம் மட்டும் சொன்னார். 2008-இல், முதல் வேலையில், சும்மா பழகிப் பார்க்க ஒரு சர்வரில் டொமைனுக்கு ‘டெஸ்ட்’ என்று பெயர் வைத்தாராம். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பு. அதற்குள் அதன்மேல் எக்ஸ்சேஞ்ச் மெயில் ஏறிவிட்டது. அது ஏறினால் டொமைன் பெயரை மாற்ற வழியில்லை. “மனுசன் பேருன்னா கெஜட்ல போட்டு மாத்திக்கலாமுங்க.” அந்தக் கம்பெனி கைமாறி, போர்டும் மாறிவிட்டது. இன்றைக்கும் எண்பது பேர் காலையில் ‘டெஸ்ட்’டுக்குள்தான் நுழைகிறார்களாம்.

அன்று சாயங்காலம் அவரே போன் செய்தார். எடுக்குமுன் திரையைப் பார்த்தேன். அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று, பெயரை அப்புறம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று அவசரத்தில் நான் பதிந்து வைத்தது, பன்னிரண்டு வருடமாக அப்படியே இருந்தது: ‘சிஸ்டம் புதுசு’.