காற்று நுழைந்தால் வண்டி நிற்கும்

கேள்வி: யஷ்வந்த்பூரிலிருந்து சிக்கபள்ளாபூர், கோலார் வழியாக பங்காருபேட்டை வரை ஓடிய குட்டி ரயிலைப் பற்றி எங்கள் தாத்தா சொல்லாத நாளில்லை. அந்தக் காலப் புகைவண்டியில் பாதி வழியில் பெட்டி கழன்றுகொண்டால் என்ன ஆகும்?
- வாசகர், மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் நந்தி மலையடியைச் சுற்றிப் போன வண்டி அது. தாத்தா சொல்லாமல் எப்படி இருப்பார்?

நம் நாட்டு நீராவி ரயில்களில் பெரும்பாலும் இருந்தது வெற்றிட பிரேக். இன்ஜினில் ஒரு குழாய் வழியே நீராவி சீறிப் பாயும். அந்த வேகம் வண்டி நெடுகப் போகும் பிரேக் குழாயின் காற்றையெல்லாம் உறிஞ்சிவிடும். உள்ளே காற்று இல்லாதவரை சக்கரத்தைப் பிரேக் கட்டை தொடாது. பெட்டி கழன்றால் ரப்பர் குழாய் பிய்யும், 'புஸ்'ஸென்று காற்று நுழையும், அறுந்த இரண்டு பாதிகளிலும் கட்டைகள் தாமாகவே சக்கரத்தைக் கவ்வும். கழன்ற பெட்டியைத் துரத்திப் பிடிக்க ஆளே வேண்டாம், நம்மைச் சுற்றியுள்ள காற்றே பிடித்துவிடும்! பழுதானால் நிற்கத்தான் வேண்டும் என்று யோசித்துச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

மலைப்பாதைக்கு இதுமட்டும் போதாது. மேட்டுப்பாளையம் - ஊட்டி ரயிலில் கல்லாறு தாண்டியதும் ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி ஏற்றம். அங்கே பெட்டிக்கொரு பிரேக்மேன் முகப்பில் கொடியோடு நிற்பார். ஏறும்போது தாத்தாவை முதல் பெட்டியில் உட்கார வையுங்கள். பிரேக்மேனின் கையும் பிரேக்கும் பக்கத்திலேயே தெரியும்.