ஏழு மணிக்கு மேல்

இரவு ஏழுக்கு மேல் சாப்பிட்டால் எடை கூடும் என்கிறார்கள். மதுரையில் கொத்து பரோட்டாவுக்குக் கல் சூடேறுவதே அதற்குப் பிறகுதான். பாவம், கல்லுக்கு மருத்துவம் தெரியாது.

2022இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்றில், 30 பேருக்கு, இரண்டு முறையும் ஒரே அளவில் குறைத்த கலோரியை, நான்கு வாரம் காலையில் அதிகமாகவும் நான்கு வாரம் மாலையில் அதிகமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். எடை இரண்டிலும் ஒன்றுபோலவே இறங்கியது. காலையில் நிறையத் தின்றபோது பசி மட்டும் குறைவு.

ஆய்வில் அளந்து போட்டார்கள். வீட்டில் யார் அளப்பது? பதினொரு மணிக்கு எவரும் கீரைக்கூட்டைத் தேடுவதில்லை. கைக்குத் தட்டுப்படுவது மிக்சர் டப்பாதான். எங்கள் மாமா ஆறரைக்கே சாப்பிட்டு முடித்துவிடுவார். ஒன்பதுக்கு இரண்டு வாழைப்பழம், பத்துக்கு ஒரு சொம்பு பாதாம் பால். கேட்டால், “இதெல்லாம் சாப்பாட்டில் சேருமா, மாப்பிள்ளை?”