இழுபட்ட வேலையும் இருபது நிமிடமும்

கேள்வி: திட்டமிடல் பற்றிய மாநாடு ஒன்றில் இருபது நிமிடம் பேசப்போகிறேன். திகதி தவறாமல் முடித்த வேலையைக் காட்டவா, இழுபட்ட வேலையைக் காட்டவா?
(பொறியியலாளர் ஒருவர், களுபோவில)

பதில்: இழுபட்டதையே காட்டுங்கள். சொன்ன திகதியில் முடிந்த வேலைக்குக் கைதட்டல் கிடைக்கும்; அதில் எது திறமை, எது அதிர்ஷ்டம் என்று யாராலும் பிரிக்க முடியாது. இலங்கையின் மகாவலி ஆற்றுத் திட்டத்தைப் பாருங்கள். 30 ஆண்டுகளுக்கென்று தீட்டிய பெருந்திட்டத்தை 1977இல் வந்த அரசு 6 ஆண்டுக்குள் அடக்கப் பார்த்தது. விக்டோரியா அணை திறக்க 1985 ஆயிற்று, ரந்தெனிகலவுக்கு 1986. 'கொஞ்சம் பிந்தினாலும் சாதனைதானே?' என்பீர்கள். சாதனைதான். ஆனால் அந்த வேகத்தில் ஒரு பங்கு, பட்டியலிலிருந்த பல வேலைகளைக் கழற்றி வைத்ததால் வந்தது. வெற்றிக் கதையாகச் சொன்னால் இந்தக் கழித்தல் கணக்கு மேடைக்கே வராது. கொழும்பின் தாமரைக் கோபுரம் இன்னும் சுவையானது: 2012இல் தொடங்கி, 2019 செப்டெம்பரில் நாடா வெட்டி, பொதுமக்கள் மேலே ஏறியது 2022 செப்டெம்பரில். அட்டவணையில் 'முடிந்தது' என்று எந்த நாளைப் போடுவீர்கள்?

தாமதத்தைச் சொன்னால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்ற பயம் வேண்டாம். அவருடைய வேறு வேலைகளும் எங்கோ இழுபட்டுத்தான் கிடக்கும். எந்த வாரத்தில், எந்த அனுமதிக்காகக் காத்திருந்தீர்கள் என்று காட்டுகிறவரைத்தான் அவர் நம்புவார். மழைமேல் மட்டும் பழி போடாதீர்கள். மே மாதத்தில் கொழும்பில் மழை பெய்யுமென்பது அட்டவணை போட்டவருக்கும் தெரியும். முக்கியமாக, இருபதாவது நிமிடத்தில் மேடையை விட்டு இறங்கிவிடுங்கள். நேர முகாமை பற்றிப் பேசியே தேநீர் இடைவேளையைத் தின்றவரைச் சபை மன்னிக்காது.