இரண்டாண்டு வள்ளல்

வள்ளல்களைப் பாடிப் பழகிய மொழி நம்முடையது. ஆகவே முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணியே, உன்னையும் பாடத்தான் வேண்டும், போஸ்ட்டாக் என்னும் பெருந்தகையே! வெப்பமண்டலக் காடுகளின் பூச்சிகளைப் படிப்பதே தம் வாழ்வு என்று முனைவர் பட்டம் முடித்து வருகிறார்கள் பிள்ளைகள். அவர்களுக்காகப் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் நடுவே நீ கட்டி வைத்திருக்கும் திண்ணைதான் எத்தனை நீளம்! வெயிலுக்கு ஒதுங்கலாம், மோர் குடிக்கலாம், கால் நீட்டலாம். உள்ளே வா என்று மட்டும் யாரையும் அழைத்துச் சங்கடப்படுத்த மாட்டாய்.

உன் வாக்குத் தவறாமையை முதலில் சொல்கிறேன். இரண்டு ஆண்டு என்றால் இரண்டே ஆண்டு. நம் நாட்டின் தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகைக்கு அதுதான் அளவு. ஐரோப்பாவுக்குள் ஆய்வு செய்வோருக்கு மேரி கியூரி உதவித்தொகை தரும் உச்ச வரம்பும் அதுவே. நீலகிரியில் 2006இலும் 2018இலும் குறிஞ்சி பூத்தது, அடுத்தது 2030இல். அந்தப் பூவை மொய்க்கும் தேனீக்கள் பூ இல்லாத ஆண்டுகளை எப்படிக் கழிக்கின்றன என்று கேட்க ஒரு பெண் ஆசைப்பட்டால், அவ்வளவு நீளமான கேள்வி வேண்டாம் அம்மா என்று அவளைக் காப்பாற்றுவது உன் கருணை. போர்னியோவின் டிப்டெரோகார்ப் மரங்கள் இன்னும் பிடிவாதக்காரர்கள். பல ஆண்டு சும்மா நின்றுவிட்டு, நாள் நட்சத்திரம் பார்க்காமல் திடீரென்று ஒரு பருவத்தில் காடே சேர்ந்து பூக்கும். நிதியாண்டு அறியாத அந்த மரங்களை நம்பி நீ ஒருநாளும் ஏமாந்ததில்லை.

அதே போர்னியோவின் சரவாக்கில் உள்ள லம்பிர் குன்றுக் காட்டை எண்ணிப் பார்க்கிறேன். 1998இன் தொடக்கத்தில் எல் நினோ அந்த மழைக்காட்டை வறட்டிப் போட்டது. அத்தி மரங்களில் காய்ப்பு நின்றது. அத்திக் குளவியோ ஒரு காய்க்குள் பிறந்து, வெளியே ஓரிரு நாள் பறந்து, இன்னொரு காய்க்குள் புகுந்து முட்டையிட்டு அங்கேயே மடியும் உயிர். காய் அறுந்தால் வம்சம் அறுந்தது. மழை திரும்பி மரங்கள் மறுபடி காய்விட்டபோது, சில அத்தி இனங்களுக்கு மகரந்தம் சுமந்துவர அந்த வட்டாரத்தில் ஒரு குளவிகூட மிஞ்சவில்லை. வறட்சிக்கு முன்னும் பின்னும் அதே மரங்களைக் கவனித்த கண் இருந்ததால் உலகுக்கு இது தெரிந்தது. உன் ஏற்பாட்டில் இந்தத் துக்கம் யாருக்கும் வராது. முன்னால் பார்த்தவர் பின்னால் இருக்க மாட்டார். பின்னால் வந்தவருக்கு முன்னால் என்ன இருந்தது என்று தெரியாது. இழவு வீட்டுக்கு அந்நியரை அனுப்பி அழுகையைக் குறைக்கும் அருமையான யோசனை அது.

பகிர்ந்து கொடுப்பதிலும் உனக்கு நிகர் நீதான். பனாமாவின் சான் லொரென்சோ காட்டில் 2003, 2004ஆம் ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் கிரேனில் ஏறியும் கயிற்றில் தொங்கியும் மரவுச்சி முதல் மண் வரை கணுக்காலிகளைச் சேகரித்தார்கள். அலசிய பரப்பு, எல்லாம் சேர்த்து அரை ஹெக்டேருக்கும் குறைவு. கிடைத்தவை 6,144 இனங்கள். பிடித்தவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அடையாளம் கண்டு, எண்ணி எழுதியது அச்சில் வந்தபோது ஆண்டு 2012. உன் கணக்கில் அது நான்கு போஸ்ட்டாக் ஆயுள். முதலாமவர் பிடித்த வண்டுக்கு இரண்டாமவர் சீட்டு எழுதலாம்; அந்தச் சீட்டின் கையெழுத்தை மூன்றாமவர் புரிந்துகொள்ளலாம்; நான்காமவர் பெயர் வைக்கலாம். ஒரே ஆளுக்கு ஒரு வேலையை முழுதாகக் கொடுக்கும் பாரபட்சம் உன்னிடம் இல்லை.

நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு நீ செய்யும் நன்மையோ தனி. வனத்துறை அனுமதிக் கோப்பு மேசை மேசையாக நகரும் மாதங்களிலேயே முதல் தென்மேற்குப் பருவமழை போய்விடலாம். இரண்டாவது மழையில் விளக்குப் பொறி எரியும்; வெள்ளைத் துணியில் அந்துப்பூச்சிகள் வந்து அமரும்; எது எந்தக் குடும்பம் என்று கண் பழகும். மூன்றாவது மழைக்கு ஒப்பந்தம் இல்லை. ஒரே மழையைப் பார்த்து மலையின் ஜாதகத்தைக் கணிக்கும் வித்தையை இந்தப் பிள்ளைகளுக்கு வேறு யார் கற்றுக்கொடுத்திருப்பார்கள்? ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மழை வேண்டுமே என்று அவர்கள் தயங்கும் நேரத்தில், அடுத்த ஊர் வேலைக்கு விண்ணப்பம் எழுத உட்காரவைத்து மனக்கவலையை மாற்றிவிடுகிறாய்.

பற்றறுக்கச் சொல்லும் ஞானியும் நீயே. மேரி கியூரி விதிப்படி, போகப்போகும் நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. ஓரிடத்தில் வேர் பிடித்தவருக்கு அங்கேயே நீர் ஊற்றுவதில்லை என்பது உன் விரதம். நம் ஊரில் 35 வயதுக்குள் விண்ணப்பி, பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் சலுகை என்கிறாய். அந்த வயதில்தான் திருமணம், மகப்பேறு, அப்பாவின் அறுவைச் சிகிச்சை எல்லாம் வரிசையில் நிற்கின்றன. உதவித்தொகை மாதக்கணக்கில் தள்ளி வரும்போது வாடகை கேட்கும் வீட்டுக்காரரிடம் பொறுமையைப் பற்றிப் பேசும் பக்குவமும் வாய்க்கிறது. கூட்டைச் சுமக்காமல் பறக்கக் கற்றுக்கொடுத்தாய். எங்கே இறங்குவது என்பதைச் சொல்லிக் குழப்பவில்லை.

உன்னைப் போல் பெருந்தன்மை இல்லாதவர்களும் உலகில் உண்டு. பப்புவா நியூ கினியின் மடாங் அருகே பினாடாங் ஆய்வு மையம் இருக்கிறது. டோக் பிசின் மொழியில் பினாடாங் என்றால் பூச்சி. கம்பளிப்புழுவை எந்த இலையில் தேடுவது என்று சிறு வயதிலிருந்தே அறிந்த ஊர் இளைஞர்களை அங்கே சேர்த்து, வளர்க்கவும் பதப்படுத்தவும் இனம் பிரிக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். கோஸ்டா ரிகாவின் குவானகாஸ்டேயில் டேனியல் ஜான்சென்னும் வின்னி ஹால்வாக்ஸும் செய்ததும் அதுதான். பல பத்தாண்டுகளாக அதே காடு, அதே கம்பளிப்புழுக்கள், அதே ஊர்க்காரர்கள். அவர்களுக்கு உன் சிக்கனம் கைவரவில்லை. திண்ணையோடு நிறுத்தாமல் ஆட்களை வீட்டுக்குள் விட்டுவிட்டார்கள். விளைவு, காட்டை அறிந்தவர்கள் காட்டிலேயே இருக்கிறார்கள்.

கடைசியாக, உன் சுருக்கத்தைப் பாடி முடிக்கிறேன். ஆனைமலைப் பக்கம் ஒரு முகாம். ஒரு பெண்ணின் ஒப்பந்தத்துக்குக் கடைசி நாள். பெட்டி கட்டியாகிவிட்டது; ஊசி குத்திய வண்டுகள் பஞ்சில் படுத்திருக்கின்றன. இரண்டு வருடமாக முன்னால் நடந்து வழி காட்டிய வாட்சர் அண்ணன், பூச்சி வலையைத் திருப்பித் தரும்போது கேட்கிறார்: "அடுத்த மழைக்கு வருவீங்கல்ல மேடம்? அந்த ஓடைப் பக்கம் மின்மினி இந்த வருஷம் கொறஞ்சு போச்சு, பாத்தீங்களா?"

அவள் பார்த்திருந்தாள். குறைந்தது ஏன் என்று சொல்ல அவளுக்கு இன்னும் சில மழை வேண்டும். அவரும் பக்கத்தில் வேண்டும். அன்றிரவு அவள் நிரப்பிய இறுதி அறிக்கைப் படிவத்தில் எத்தனை கட்டுரை, எத்தனை மாநாடு, செலவு எவ்வளவு என்றெல்லாம் கட்டம் இருந்தது. அந்த அண்ணன் கேட்ட கேள்வியை எழுத இடமில்லை. எவ்வளவு அடக்கமான படிவம், பெருந்தகையே! வாழ்க உன் கொடை.