நெய்தல் நிலத்து ஓர்கிட்: ஒரு திணைமயக்க ஆராய்ச்சி

வீட்டில் ஓர்கிட் வளர்ப்பதைத் தோட்டக்கலை என்று கொள்வாரும் உளர். அவர்கள் பெரும்பாலும் கண்டிப் பக்கத்தவர்கள். 1821இல் தொடங்கிய பேராதனைத் தாவரவியல் பூங்காவில் ஓர்கிட்டுக்கென்றே தனி இல்லம் கட்டி வைத்திருக்கும் ஊர்க்காரர் வேறு எப்படி நினைப்பார்? கற்பிட்டிக் குடாநாட்டுத் தலவிலையில் இருந்து பார்த்தால், இது பொருளிலக்கணத்தைச் சேர்ந்த விஷயம். அதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் முதற்பொருள், அதாவது நிலம். இக்குடாநாட்டில் மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே மணலும் தென்னையும். ஐயத்துக்கு இடமின்றி நெய்தல். இந்நிலத்துக்குப் புலவர்கள் அனுமதித்த பூக்கள் தாழை, புன்னை, ஞாழல் போன்றவை. டென்ட்ரோபியம் என்னும் ஓர்கிட் அந்தப் பட்டியலில் இல்லை. மழைக்காட்டு மரத்தில் தொற்றி வாழ்ந்த குடும்பத்து வாரிசு, இங்கே கிடுகுத் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் கூடையில் தொங்குகிறது. குறிஞ்சிப் பூ நெய்தலுக்கு வந்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

தொல்காப்பியர் இதை எதிர்பார்த்திருக்கிறார். ஒரு நிலத்துப் பூவோ பறவையோ தன் நிலத்தையும் பொழுதையும் விட்டு வேறெங்காவது வந்துவிட்டால், வந்த நிலத்துப் பொருளாகவே அதைக் கொள்ள வேண்டும் என்று அகத்திணையியலில் விதி செய்து வைத்திருக்கிறார். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். ஆகவே தலவிலையில் ஓர்கிட் வளர்ப்பவர் இரங்குவார் என்பது பெறப்படும். கள ஆய்வும் அதையே காட்டுகிறது.

இரங்கலின் நிமித்தங்களுள் தலையாயது கிணறு. குடாநாட்டு மணலுக்கு அடியில் மழைநீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் அறிஞர் கணக்கு. மேலே ஓரடி இறைத்துவிட்டால் கீழே என்ன ஆகும் என்பதை வெங்காயத் தோட்டத்துக்கு மோட்டார் போட்டவர்கள் அறிவார்கள். மனிதன் அந்தத் தண்ணீரில் தேநீர் போட்டு, கொஞ்சம் கரிக்கிறது என்று சொல்லிக்கொண்டே குடித்துவிடுவான். ஓர்கிட் குடிக்காது. அதன் வேரைச் சுற்றி வெலமன் என்ற உறை உண்டு; இறந்த செல்களால் ஆன பஞ்சு. காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம். தண்ணீர் பட்டதும் கண்ணெதிரே பச்சையாகும். அந்தப் பஞ்சு நீரோடு உப்பையும் உறிஞ்சிக்கொள்கிறது. நீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கிவிடும். கூடையின் விளிம்பை விரலால் தேய்த்துப் பார்த்தால் வெள்ளைப் பொருக்கு உதிரும். அடுத்து இலை நுனி கருகும். புத்தளத்தில் உப்பு விளைவிக்க உப்பளம் போட்டிருக்கிறார்கள். அதே தொழிலை ஆறங்குலக் கூடையில் செய்துகொண்டிருப்பது பலருக்குத் தெரியாது. மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வைத்து ஊற்றுவதே பரிகாரம். மழையின் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடுவதால், எஞ்சிய மாதங்களுக்குப் பீப்பாய் ஒரு நினைவுச் சின்னம்.

இரண்டாம் நிமித்தம் தும்பு. தென்னைக்குப் புத்தளம் மாவட்டத்தில் இருக்கும் மரியாதை தனி. லுணுவிலவில் 1929இலிருந்து அதற்கு ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஓர்கிட்டுக்கு வந்து சேர்வது தென்னையின் மிச்சம்: மட்டைத் துண்டு, சிரட்டைக் கரி, உடைந்த செங்கல். மட்டையிலும் உப்பு உண்டு, களப்பில் ஊறியதென்றால் கேட்கவே வேண்டாம். வாளியில் ஊறப்போட்டால் முதல் நாள் தண்ணீர் சாயத் தேநீர் போல் கறுக்கும். நிறம் தெளியும்வரை ஊற்றி ஊற்றி மாற்ற வேண்டும். எந்தத் தண்ணீரால் மாற்றுவது என்று கேட்பவர் முந்திய பத்தியை மீண்டும் படிக்கவும்.

மூன்றாம் நிமித்தமான காற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் காற்றை நம்பி, பட்டம் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க வெளிநாட்டவர் கற்பிட்டிக்கு விமானம் ஏறி வருகிறார்கள். டென்ட்ரோபியத்துக்கு அந்த விளையாட்டில் ஆர்வமில்லை.

உறவினர் நான்காம் நிமித்தம். தலவிலைக் கோயிலில் புனித அன்னம்மாள் திருவிழா மார்ச்சிலும் ஆகஸ்டிலும் வருகிறது. அதோடு அவர்களும் வருகிறார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் கூடைக்கு ஒரு குவளை ஊற்றிவிட்டுத்தான் கோயிலுக்குப் போவார். வேர் அழுகுவது அன்பினால் என்பது தாவர நோயியலில் இன்னும் ஏற்கப்படாத கருத்து. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் தண்ணீர் ஊற்றுவதில்லை. “இன்னும் பூக்கல்லயா தங்கச்சி?” என்று வேலிக்கு மேலால் கேட்டுவிட்டுப் போவார். கூடுதலாக உரமும் நீரும் பெற்ற டென்ட்ரோபியம், பூக்க வேண்டிய தண்டில் குட்டிச் செடி விடும். அந்தக் குட்டியை அக்கா வாங்கிக்கொண்டு போவார். அங்கே அது பூக்கும்.

இனி எதிர்வாதம். சிங்கப்பூரும் கடலோரம்தானே, அங்கே வண்டா மிஸ் ஜோக்கிம் வெயிலில் கம்பத்தில் ஏறிப் பூத்து, 1981இல் தேசிய மலரே ஆகிவிட்டதே என்பர். 1893இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டதும் அங்கிருந்துதான். ஆனால் சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் மழை, புத்தளக் கரையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மழை பெய்யும் நெய்தல் வேறு, உப்புக் காற்று மட்டும் வீசும் நெய்தல் வேறு.

இதைவிடக் கடினமான எதிர்வாதம் வேறொன்று. இலங்கையின் உலர் வலய மரக்கிளைகளில் வண்டா டெசலாட்டா என்ற ஓர்கிட் தானாகவே வளர்கிறது. தடித்த இலை. சதுரங்கப் பலகைபோல் கட்டம் போட்ட பழுப்பு இதழ், நடுவில் ஊதா உதடு, நல்ல மணம். அதற்குக் கூடை இல்லை, நிழல்வலை இல்லை, குவளையோடு வரும் மாமியும் இல்லை. திணைமயக்கம் இல்லாத ஓர்கிட் இது ஒன்றே எனலாம். கடையில் விலைக்கு வாங்காத செடியை யாரும் செடியாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதனாலேயே அது பிழைத்திருக்கிறது என்பது என் துணிபு. பிடுங்கி வந்து கூடையில் வைக்கலாமே என்று இப்போது நினைப்பவருக்கு: வேண்டாம். காட்டு ஓர்கிட்டின் ஒரு காயில் தூசி போன்ற விதைகள் லட்சக்கணக்கில் இருந்தாலும், உணவு சேமிப்பு இல்லாத அந்த விதை முளைக்க ஒரு பூஞ்சை துணைக்கு வர வேண்டும். இதை நோயல் பெர்னார் 1899இல் கண்டறிந்தார். பூஞ்சை இல்லாமலே சர்க்கரைக் கூழில் முளைக்க வைக்கும் வழியை லூயிஸ் நட்சன் 1922இல் காட்டினார். இரண்டும் நம் தாழ்வாரத்தில் நடக்காது.

எஞ்சியது பிளாஸ்டிக் ஓர்கிட். திருவிழாக் கடையில் வாங்கிச் சுருவத்தின் முன் வைப்பது. உப்பு தின்னாது, வேர் அழுகாது, வருடம் முழுவதும் பூ. இதற்குத் திணை இல்லை என்று முடிவு கட்டவிருந்தேன். ஆனால் சன்னலோரத்து வெயிலில் ஊதா மெல்ல வெளுத்து, இப்போது ஒரு மாதிரியான பால்வெள்ளை ஆகிவிட்டது. சென்ற திருவிழாவுக்கு வந்த சிலாபத்து மாமி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, இந்த நிறம் எங்கும் கிடைக்கவில்லை, குட்டி விட்டால் ஒன்று எடுத்து வை பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.